பேரேட்டில் ஒரு வரி

வலக்கையைத் தலைக்கு மேல் வளைத்து இடக்காதைத் தொடச் சொல்வார் தலைமையாசிரியர். விரல் காதுக்கு எட்டிவிட்டால் ஐந்து வயது நிரம்பிவிட்டது, ஒன்றாம் வகுப்பில் உட்காரலாம். எட்டவில்லையென்றால் அடுத்த வருஷம். புதுக்கோட்டை மாவட்டத்துக் கிராமங்களில் இன்று ஐம்பது, அறுபது வயதில் இருப்பவர்களில் பலர் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தது இப்படித்தான். கூட வந்த அப்பத்தாவிடம் பிறந்த தேதி கேட்டால், "கம்மா ஒடஞ்சுச்சே, அதுக்கு மறு வருசம் மாசியில" என்பார். ஊரைப் பொறுத்தவரை அது துல்லியமான கணக்கு. யாரைக் கேட்டாலும் அந்த வருஷத்தைச் சொல்லிவிடுவார்கள். ஆனால் சேர்க்கைப் பதிவேட்டில் கண்மாய்க்கு இடமில்லை. ஜூனில் பள்ளி திறக்கும்போது ஐந்து முடிந்திருக்க வேண்டும் என்பதால், மே மாதத்திலோ ஜூன் மாதத்திலோ ஒரு தேதியை ஆசிரியர் எழுதிக்கொள்வார். அந்தத் தேதியை வைத்துத்தான் அந்தப் பிள்ளை பிறகு எஸ்.எஸ்.எல்.சி. எழுதியது, வேலைக்குப் போனது, ஓய்வு பெற்றது. பெற்ற தாய் அறிந்த நாள் ஒன்று, அரசாங்கம் அறிந்த நாள் வேறொன்று. இரண்டும் ஒருமுறைகூடச் சந்திக்காமலே ஒரு தலைமுறை வாழ்ந்து முடிக்கப் போகிறது.

எழுத்துக்குப் பஞ்சமில்லாத நிலம் இது. குடுமியான்மலை, நார்த்தாமலை, திருமயம், சித்தன்னவாசல் என்று எந்தக் குன்றுக்குப் போனாலும் பாறையில் எழுத்து இருக்கிறது. புதுக்கோட்டைச் சமஸ்தானம் தன் எல்லைக்குள் கிடைத்த கல்வெட்டுகளைத் திரட்டி 1929இல் புத்தகமாகவே அச்சிட்டது. விற்ற நிலத்தின் நான்கு எல்லை, வெட்டிய குளம், கோயில் விளக்குக்கு விட்ட ஆடுகளின் எண்ணிக்கை எல்லாம் அவற்றில் உண்டு. பிறந்த குழந்தைதான் இல்லை. சொத்தும் தானமும் வரியும் எழுதப்பட்டன. ஒரு கூலிக்காரி பெற்ற பிள்ளை இந்த நாளில் உலகுக்கு வந்தது என்று எழுதிவைக்க எந்த அரசருக்கும் காரணம் இருக்கவில்லை. குழந்தை பிறந்ததை எழுதுவது அரசின் கடமை என்ற எண்ணமே நமக்குப் புதிது.

சென்னை மாகாணத்தில் பிறப்பு, இறப்புப் பதிவுக்குத் தனிச் சட்டம் 1899இல் வந்தது. நாடு முழுவதற்குமான சட்டம் 1969இல் இயற்றப்பட்டு, தமிழ்நாட்டில் 1970 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வந்தது. கிராமத்தில் எழுத வேண்டியவர் முன்சீப்பு. 1980இல் பழைய கிராமப் பதவிகள் ஒழிக்கப்பட்ட பிறகு கிராம நிர்வாக அலுவலர், அதாவது ஊரார் சொல்கிற வி.ஏ.ஓ. குழந்தை குடிசைக்குள் மருத்துவச்சி கையில் பிறந்தது. பேரேடு எங்கோ ஒரு வீட்டுத் திண்ணையிலோ சாவடியிலோ இருந்தது. இரண்டுக்கும் நடுவே ஒருவர் நடந்து போய்ச் சொல்லியாக வேண்டும். நாற்று நடவும் அறுவடையும் இருக்கிற வீட்டில் அந்த நடைக்கு யாருக்கு நேரம்? சொன்னால் பதிவு, சொல்லாவிட்டால் இல்லை.

இந்த நிலையை மாற்றியது சட்டத்தைவிடப் பிரசவ அறைதான் என்பது என் முடிவு. 2019-21இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 99க்கும் மேற்பட்ட பிரசவங்கள் மருத்துவமனையிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ நடக்கின்றன. அங்கே பிறந்தால் தெரிவிக்கும் பொறுப்பு அப்பனிடமிருந்து மருத்துவமனைக்குப் போய்விடுகிறது. 21 நாளுக்குள் அவர்களே அனுப்பியாக வேண்டும். அதற்கும் முன்பே, கரு தரித்த சில வாரங்களில் கிராம சுகாதாரச் செவிலியர், நம் பெண்கள் 'நர்ஸம்மா' என்று கூப்பிடுகிறவர், தாயின் பெயரைப் 'பிக்மி' என்ற கர்ப்பிணிகள் பதிவுத் தளத்தில் ஏற்றிவிடுகிறார். 2017 முதல் அங்கே கிடைக்கும் 12 இலக்க எண் இல்லாமல் பிறப்புப் பதிவு நகராது. அதே ஆண்டு அக்டோபரில் மாநிலம் முழுவதும் ஒரே மென்பொருளுக்கு மாறியது. சான்றிதழை இன்று கட்டணமின்றி இணையத்தில் இறக்கிக்கொள்ளலாம். பிறக்கப்போகும் பிள்ளைக்கு அரசாங்கம் முன்கூட்டியே ஒரு வரி ஒதுக்கிவைத்துக் காத்திருக்கிறது. இரண்டு தலைமுறைக்குள் நடந்த இந்த மாற்றத்தை நாம் போதுமான அளவு வியக்கவில்லை என்றே நினைக்கிறேன்.

வெளியே நிலைமை எப்படி இருக்கிறது என்று பார்த்தால்தான் இதன் அருமை தெரியும். உலகில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 77 பேரின் பிறப்புதான் பதிவாகியிருக்கிறது, 15 கோடிக் குழந்தைகள் எந்தப் பேரேட்டிலும் இல்லை என்று யுனிசெஃப் 2024 டிசம்பரில் அறிவித்தது. பதிவாகியும் கையில் சான்றிதழ் இல்லாதவர்கள் மேலும் 5 கோடிக்கு அதிகம். எத்தியோப்பியாவில் 2016இல் எடுத்த ஆய்வில் பதிவானவர்கள் நூற்றுக்கு 3 பேர். நகரங்களை மட்டும் எடுத்தாலும் 12. பாகிஸ்தானில் 2017-18 ஆய்வின்படி நாடு முழுவதும் 42, நகரங்களில் ஏறத்தாழ 60. இந்தியாவில் 2005-06இல் 41 ஆக இருந்தது 2019-21இல் 89 ஆனது. நகரத்தில் 93, கிராமத்தில் 87. தமிழ்நாட்டில் அது 98ஐ ஒட்டி நிற்கிறது, ஊருக்கும் நகருக்கும் இடைவெளி இல்லையென்றே சொல்லலாம்.

பல நாடுகளில் நகரம் முந்துவதற்குக் காரணம் எளிது. அலுவலகம் அங்கே இருக்கிறது, ஆஸ்பத்திரி அங்கே இருக்கிறது, சான்றிதழ் கேட்கிற பள்ளிக்கூடமும் அங்கே இருக்கிறது. புதுக்கோட்டையில் நடந்தது வேறு. இங்கே மக்கள் நகரத்துக்குக் குடிபோகவில்லை, பிரசவம் குடிபோயிற்று. மணமேல்குடிப் பக்கத்து மீனவர் வீட்டுப் பெண்ணும் விராலிமலைப் பக்கத்துக் கல்குவாரித் தொழிலாளியின் மனைவியும் வலி கண்டதும் 108இல் ஏறி ஏதோ ஒரு நகரத்துக்கு வருகிறார்கள். சட்டப்படி எங்கே பிறந்ததோ அங்கேதான் பதிவு. வீடு எங்கே என்பது இரண்டாவது. ராணியார் மருத்துவமனையில் பிறந்தவர்கள், 2017இல் திறந்த அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பிறந்தவர்கள் என்று மாவட்டத்தின் பன்னிரண்டு தாலுகாப் பிள்ளைகளும் பிறப்பிடத்தில் ஒரே ஊர்க்காரர்கள் ஆகிறார்கள். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பதால் மூத்தது ஒரு மாவட்டப் பேரேட்டிலும் இளையது இன்னொரு மாவட்டப் பேரேட்டிலும் இருப்பது இங்கே சாதாரணம். 2024இல் மாநகராட்சி ஆன புதுக்கோட்டைக்கு, அதன் மக்கள்தொகை காட்டுவதைவிடப் பெரிய தாய்மடி இருக்கிறது.

பிறப்பு அறிக்கைப் படிவம் ஒன்று என்று ஒரு தாள் உண்டு. அதை ஒருமுறையாவது எடுத்துப் பார்க்க வேண்டும். அதில் இரண்டு பகுதி. ஒன்று சட்டப் பகுதி. அதில் பிறந்த தேதி, பாலினம், பெயர், தாய், தந்தை, பிறந்த இடம், முகவரி. மற்றொன்று புள்ளிவிவரப் பகுதி. தாயின் படிப்பு என்ன, தகப்பன் என்ன தொழில், கல்யாணத்தின்போது தாய்க்கு என்ன வயது, இது எத்தனையாவது குழந்தை, பிறந்தபோது எடை எவ்வளவு, எத்தனை வாரக் கர்ப்பம், சுகப்பிரசவமா ஆபரேஷனா என்றெல்லாம் கேட்கும். பதிவு முடிந்ததும் இரண்டும் பிரிந்துவிடும். சட்டப் பகுதி பேரேட்டில் தங்கும். புள்ளிவிவரப் பகுதி கணக்குக்காக மேலே போகும். குழந்தைக்காக ஒன்று, அரசுக்காக ஒன்று.

கூட்டுத்தொகையில் ஒரு குழந்தை ஒன்று என்ற எண்ணாகச் சேர்ந்துவிட்டால் அங்கே வேலை முடிந்தது. அதன் பெயர் அங்கே தேவையில்லை. ஆனால் பேரேட்டில் தங்கிய வரிக்கு வேலை அப்போதுதான் தொடங்குகிறது. ஆறு வயதில், பதினாறு வயதில், முப்பது வயதில் அந்தப் பிள்ளை எங்காவது ஒரு மேசைக்கு முன் நிற்கும்போது அந்த வரி அவளுக்காகச் சாட்சி சொல்ல வேண்டும். 98 என்ற எண் கணக்கின் வெற்றி. அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் எத்தனை வரிகள் சாட்சி சொல்லும் நிலையில் இருக்கின்றன என்பதை எந்த விழுக்காடும் சொல்வதில்லை.

முதலில் பெயர். மூன்றாம் நாளோ ஐந்தாம் நாளோ வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். நம் வீடுகளில் அப்போது குழந்தைக்குப் பெயர் ஏது? பதினாறாம் நாள், முப்பதாம் நாள் என்று ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வழக்கம். ஜாதகம் எழுதி முதலெழுத்துப் பார்க்க வேண்டும். இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் ஒத்துப்போக வேண்டும். குலதெய்வத்திடம் கேட்க வேண்டும். அதுவரை 'பாப்பா', 'தம்பி'. ஆஸ்பத்திரி அனுப்புகிற தாளில் பெயர்க் கட்டம் காலியாகவே போகிறது. ஆண் குழந்தை அல்லது பெண் குழந்தை, இன்னாருக்குப் பிறந்தது என்று மட்டும் பதிவாகிறது. ஆய்வுக்காரர் வீட்டுக்கு வந்து 'பிறப்பைப் பதிந்துவிட்டீர்களா' என்று கேட்டால் 'ஆச்சு' என்ற பதில் உண்மைதான். நூற்றுக்கு 98இல் இந்தப் பெயரில்லாதவர்களும் அடக்கம்.

ஓராண்டுக்குள் பெயரைக் கட்டணமில்லாமல் ஏற்றிக்கொள்ளலாம். அதற்குப் பிறகு பதினைந்து ஆண்டு வரை தாமதக் கட்டணத்தோடு. 2000ஆம் ஆண்டுக்கு முன் பிறந்தவர்களுக்காக அரசு இந்தக் கெடுவை மீண்டும் மீண்டும் நீட்டித்திருக்கிறது என்பதே எத்தனை வரிகள் பெயரில்லாமல் கிடந்தன என்பதற்குச் சான்று. கறம்பக்குடி, கீரமங்கலம், அறந்தாங்கிப் பக்கம் வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் போகாத வீடு குறைவு. பாஸ்போர்ட்டுக்கு ஓடும்போதுதான் பலருக்குக் காலிக் கட்டம் கண்ணில் படுகிறது. அப்புறம் இ-சேவை மையம், தாலுகா ஆபீஸ், அபிடவிட்டு என்று அலைச்சல். ஆதாரில் ஒரு எழுத்து, மாற்றுச் சான்றிதழில் ஒரு எழுத்து, முன்னெழுத்து ஒன்றில் முன்னால், இன்னொன்றில் பின்னால். மூன்றையும் ஒன்றாக்குவதற்குள் ஏஜெண்டு சொன்ன கெடு தாண்டிவிடும்.

2023 அக்டோபர் 1ஆம் தேதிக்குப் பிறகு பிறந்தவர்களுக்கு இது இன்னும் கனமாகிறது. பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல், திருமணப் பதிவு, அரசு வேலை, பாஸ்போர்ட், ஆதார் என எல்லாவற்றுக்கும் பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் பிறப்புச் சான்றிதழே ஆதாரம் என்று பிறப்பு, இறப்புப் பதிவுத் திருத்தச் சட்டம் சொல்கிறது. தலைமையாசிரியர் உத்தேசமாக ஒரு தேதி எழுதிய காலம் சட்டப்படி முடிந்துபோனது. நல்லதுதான். ஆனால் ஒரே தாளின் மீது ஒரு வாழ்க்கை முழுவதையும் நிறுத்தும்போது, அந்தத் தாள் இல்லாத குழந்தை முன்னைவிட ஆழமாக விழும்.

அப்படி விழக்கூடியவர்கள் இங்கேயே இருக்கிறார்கள். கட்டடம் எழும்பும் மனைகளில் தார்ப்பாய்க் கொட்டகைகள், ஊருக்கு வெளியே செங்கல் சூளைகள். பிகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த குடும்பங்கள். குழந்தை அவர்கள் ஊரில் வீட்டிலேயே பிறந்திருக்கும், பதிவாகியிருக்காது. பிறந்த இடத்தில்தான் பதிவு என்ற விதி அவர்களைப் பொறுத்தவரை ஒரு சுவர். புதுக்கோட்டை அலுவலகம் விரும்பினாலும் எழுத முடியாது. ஓராண்டு கடந்துவிட்டால் அங்கே போய், பதிவில்லை என்று ஒரு சான்று வாங்கி, நீதிபதி அதிகாரமுள்ள அலுவலரின் உத்தரவு பெற்று, அதற்குப் பிறகே பதிவு. நாள் கூலியை விட்டு அதற்காக ரயிலேற அவர்களால் ஆகாது. வீடு வீடாகப் பட்டியல் எடுத்து நடத்துகிற ஆய்வில் மூன்று மாதத்துக்கு ஒரு மனை மாறுகிற கொட்டகை எளிதில் நழுவிவிடும். நகரத்துக் குழந்தைகளின் பதிவு இவ்வளவு என்று எந்த நாட்டு எண்ணைப் படித்தாலும், இந்தக் கொட்டகையைக் கேட்டார்களா என்பதுதான் எனக்கு எழும் கேள்வி. ஒன்றைத் தலைமையாசிரியர்கள் நினைவில் வைக்க வேண்டும். வயதுச் சான்று இல்லை என்பதற்காக எந்தக் குழந்தைக்கும் சேர்க்கை மறுக்கக் கூடாது என்கிறது 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 14ஆம் பிரிவு. புதிய திருத்தத்தைக் காட்டிப் பழைய உரிமையை மறுக்க யாரும் துணியக் கூடாது.

பெண் பிள்ளைகளுக்கு அந்த வரி என்ன செய்யும் என்பதைச் சொல்ல, இந்த ஊரில் பிறந்த ஒருவரிடம் போக வேண்டும். முத்துலட்சுமி ரெட்டி 1886 ஜூலை 30 அன்று புதுக்கோட்டையில் பிறந்தார். தாய் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். தந்தை நாராயணசாமி ஐயர் மகாராஜா கல்லூரியின் முதல்வர். அந்தக் கல்லூரியில் ஒரு பெண் சேர்வதை ஊரே எதிர்த்தது. மன்னரின் அனுமதியோடு படித்தார். மருத்துவரானார். 1926இல் சென்னை மாகாணச் சட்டசபைக்குள் நுழைந்தார். அங்கே அவர் போராடியவற்றில் பெண்ணின் திருமண வயதை உயர்த்துவதும் ஒன்று. 1929இல் சாரதா சட்டம் பெண்ணுக்குப் பதினான்கு என்று குறித்தது. ஆனால் பதினான்கு ஆகவில்லை என்று யார் நிரூபிப்பது? பிறப்பைப் பதியாத ஊரில் வயதுச் சட்டம் காற்றில் எழுதியதுதான். பெற்றவர்கள் சொன்னதே வயது, புரோகிதர் ஏற்றுக்கொண்டதே கணக்கு.

இன்று வயது பதினெட்டு. நம் மாவட்டத்தில் குழந்தைத் திருமணம் ஒழிந்துவிட்டது என்று யாரும் நெஞ்சைத் தொட்டுச் சொல்ல முடியாது. தகவல் கிடைத்துச் சமூகநலத் துறையினர் மண்டபத்துக்குப் போகும்போது அவர்கள் கேட்பது ஒரே ஒரு தாளைத்தான். 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 94ஆம் பிரிவு ஒரு வரிசை வைத்திருக்கிறது. முதலில் பள்ளிச் சான்றிதழ், அது இல்லையென்றால் மாநகராட்சியோ நகராட்சியோ ஊராட்சியோ கொடுத்த பிறப்புச் சான்றிதழ், அதுவும் இல்லையென்றால் எலும்பைப் பரிசோதித்து வயது காண்பது. எழுத்து எதுவும் இல்லாத பெண்ணின் எலும்பு சாட்சி சொல்ல வேண்டியிருக்கிறது. அதுவும் ஓரிரு வயது முன்பின்னாகத்தான் சொல்லும். பதினேழுக்கும் பதினெட்டுக்கும் நடுவே நிற்கும் ஒரு பெண்ணுக்கு அந்த ஓரிரு வயதுதான் எல்லாமே. பள்ளிச் சான்றிதழ் கையில் இல்லாத பெண்ணுக்குப் பேரேட்டு வரி ஒன்றே காவல். முத்துலட்சுமியின் பெயரில் இன்று கர்ப்பிணிகளுக்கு 18,000 ரூபாய் உதவி கிடைக்கிறது. அந்த உதவிக்காகவே முதல் மாதங்களிலேயே கர்ப்பம் பதிவாகிறது, அதன் தொடர்ச்சியாகப் பிறப்பும் பதிவாகிறது. அவர் கேட்ட சட்டத்துக்கு அன்று இல்லாமல்போன சாட்சியை அவர் பெயரிலுள்ள திட்டமே இன்று உண்டாக்கித் தருகிறது.

தந்தை பெயர்க் கட்டம் பற்றியும் ஒரு சொல். மணமாகாத தாயின் குழந்தைக்கு, தாயின் உறுதிமொழியை வைத்தே பிறப்புச் சான்றிதழ் தர வேண்டும், தகப்பன் யார் என்று வற்புறுத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2015 ஜூலையில் தீர்ப்பளித்தது. கவுண்டரில் உட்காருகிற எல்லோருக்கும் அந்தத் தீர்ப்பு போய்ச் சேர வேண்டும்.

எழுதப்படாமல் போனதற்கு இந்தச் சீமை கொடுத்த பெரிய விலை கடலுக்கு அப்பால் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பஞ்சம் பிழைக்கத் திருச்சி, மதுரை, இராமநாதபுரம், சேலம் சீமைகளிலிருந்தும் புதுக்கோட்டைச் சமஸ்தானத்திலிருந்தும் கங்காணி பின்னால் போனவர்கள் இலங்கையின் காப்பித் தோட்டங்களையும் தேயிலைத் தோட்டங்களையும் உண்டாக்கினார்கள். பின்னாளில் போனவர்களை மண்டபத்தில் தொற்றுத்தடுப்பு முகாமில் நிறுத்திவைத்துச் சோதித்து அனுப்பினார்கள். தோட்டத்தில் அவர்கள் பெயர் எழுதப்படாமல் இல்லை. செக்ரோல் என்ற தோட்டப் பதிவேட்டில் கூலிக்காக எழுதப்பட்டது, கங்காணியின் துண்டில் கடனுக்காக எழுதப்பட்டது. லயம் என்ற தோட்டக் குடியிருப்புக்குள் பிறந்த பிள்ளைகளின் பிறப்புதான் ஒழுங்காக எழுதப்படவில்லை. முந்தைய தலைமுறைகளுக்கோ ஏறக்குறைய எதுவுமே இல்லை.

1948இல் இலங்கையின் குடியுரிமைச் சட்டம் அந்த இல்லாமையைத் தேடி வந்து தொட்டது. அங்கே பிறந்தவராக இருந்தால் மட்டும் போதாது. தகப்பனும் அங்கே பிறந்தார் என்று காட்ட வேண்டும், அல்லது பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்தார்கள் என்று காட்ட வேண்டும். எதை வைத்துக் காட்டுவது? பல இலட்சம் பேர் ஒரே சட்டத்தில் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கிட்டு 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. மீதிப் பேரை 1974இல் பாதிப் பாதியாகப் பங்கிட்டார்கள். கணக்கில் மட்டும் எழுதப்பட்டு ஏட்டில் எழுதப்படாத மக்களுக்கு நேர்ந்தது அது.

1983 ஜூலைக்குப் பிறகு போர் அவர்களில் பலரையும், வடக்கு கிழக்குத் தமிழர்களையும் இந்தக் கரைக்குத் தள்ளியது. புதுக்கோட்டை மாவட்டத்தில் மூன்று முகாம்கள் இருக்கின்றன: லேணாவிளக்கு, தோப்புக்கொல்லை, அழியாநிலை. 2021இல் தமிழ்நாடு அரசு இவற்றுக்கு மறுவாழ்வு முகாம் என்று பெயரிட்டு, வீடுகளுக்கும் படிப்புக்குமாக 317 கோடி ரூபாய்த் திட்டத்தை அறிவித்தது. இந்த முகாம்களில் பல வருஷமாகக் குழந்தைகள் பிறக்கின்றன. நம் பிள்ளைகள் பிறக்கும் அதே ஆஸ்பத்திரியில், அதே செவிலியர் கையில், அதே படிவத்தில், அதே பேரேட்டில். பிறப்புப் பதிவில் முகாமுக்கும் ஊருக்கும் வேறுபாடு இல்லை. அவர்களும் அந்த 98இல் இருக்கிறார்கள்.

ஆனால் அந்த வரி அவர்களுக்குச் சாட்சி சொல்லும்போது கேட்பதற்குச் சட்டம் தயாராக இல்லை. 1987 ஜூலை 1க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் இந்தியக் குடிமகன். அந்த நாளிலோ அதற்குப் பிறகோ பிறந்தவரின் பெற்றோரில் ஒருவர் குடிமகனாக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தால் ஒருவர் மட்டும் குடிமகனாக இருப்பதும் போதாது, மற்றவர் சட்டவிரோதமாக வந்தவராக இருக்கக் கூடாது. உயிருக்குப் பயந்து படகேறியவர்கள் கையில் விசா ஏது? 1987 ஜூன் 30 இரவு ஒரு முகாமில் பிறந்த பிள்ளையும் மறுநாள் காலையில் பிறந்த பிள்ளையும் ஒரே பால்மாவுக்கு வரிசையில் நின்று, ஒரே பள்ளிக்கூடத்தில் படித்து வளர்ந்திருந்தாலும், ஒருவர் குடிமகன், மற்றவர் அகதி.

அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்ற ஒருவருக்கு வழி திறந்தது. 1986இல் மண்டபம் முகாமில் பிறந்து, பின்னர் திருச்சி முகாமில் வாழ்ந்த ஒரு பெண் பாஸ்போர்ட் கேட்டார். மறுக்கப்பட்டது. பிறப்புச் சான்றிதழோடு மதுரைக் கிளை நீதிமன்றத்துக்குப் போனார். பிறப்பால் அவர் இந்தியக் குடிமகள் என்று 2022 ஆகஸ்டில் தீர்ப்பானது. 2024 மக்களவைத் தேர்தலில் வாக்களித்தார். தோட்டத் தொழிலாளர்களைப் பரிசோதித்துக் கப்பலேற்றிய அதே மண்டபத்தில் பிறந்ததாகச் சொன்ன ஒரு வரிதான் அவருக்கு நாட்டை வாங்கிக் கொடுத்தது.

அவருக்கு ஒன்றிரண்டு வருஷம் பின்னால் பிறந்தவர்களுக்கும் அதே வரி இருக்கிறது. நாடுதான் இல்லை. இலங்கைக் குடியுரிமைக்காகச் சென்னையிலுள்ள துணைத் தூதரகத்தில் பதிந்துகொள்ளலாம், ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் பல ஆண்டுகளாக அந்த வேலையைச் செய்துவருகிறது. திரும்ப விரும்புகிறவர்களுக்கு அது தேவை, அந்தப் பணி மதிக்கத்தக்கது. ஆனால் பார்த்தேயிராத ஒரு நாட்டின் குடிமகனாக ஒருவரைப் பதிந்துவிட்டு, அவர் பிறந்து, படித்து, கல்யாணம் செய்து, பிள்ளை பெற்ற ஊரில் அவரை அந்நியராக வைத்திருப்பது நியாயமாகாது. 2019இன் குடியுரிமைத் திருத்தச் சட்டம் மூன்று நாடுகளிலிருந்து வந்தவர்களுக்குக் கதவைத் திறந்தபோதும் இலங்கையிலிருந்து வந்தவர்களைச் சேர்க்கவில்லை.

முடியாத காரியம் என்று யாரும் சொல்ல வேண்டாம். இலங்கையே செய்து காட்டியிருக்கிறது. 1948இல் பறித்ததை 2003இல் ஒரு சட்டத்தால் திருப்பிக் கொடுத்தது. 1964 அக்டோபர் முதல் அங்கே வாழ்ந்துவரும் இந்திய வம்சாவளியினரும் அவர்கள் வாரிசுகளும் குடிமக்கள் என்று அறிவித்து, பாட்டன் பூட்டனின் தாளைக் கேட்பதை நிறுத்திக்கொண்டது.

இந்தியா அதைவிடச் சுலபமான இடத்தில் நிற்கிறது. யார், எந்த நாளில், எந்த ஆஸ்பத்திரியில், யாருக்குப் பிறந்தார் என்பதற்கு வேறு சாட்சி தேட வேண்டியதில்லை. நம் அரசின் கையெழுத்தும் முத்திரையும் போட்ட பேரேடுகள் இருக்கின்றன. இந்த மாவட்டத்திலிருந்து நாடாளுமன்றத்துக்கும் சட்டமன்றத்துக்கும் போகிறவர்களிடம் நாம் கேட்க வேண்டியது இதுதான்: லேணாவிளக்கிலும் தோப்புக்கொல்லையிலும் அழியாநிலையிலும் பிறந்தவர்களைக் குடிமக்களாக ஏற்கும் திருத்தத்தைக் கொண்டுவாருங்கள். அங்கே முதலில் பிறந்த பிள்ளைகள் நடுவயதை நெருங்கிவிட்டார்கள்.